பழம் தூங்குமா? – பழைய பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு வழி



இந்த மாதச் சுவர் இதழில் செய்யுள் பற்றி எழுதச் சொல்லி தமிழ் ஐயா என்னிடம் தாள் கொடுத்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்றால் போன மாத வகுப்புத் தேர்வில் செய்யுள் நயம் கேள்விக்கு நான் வாங்கியது 5-க்கு 2 மார்க். "ஐயா, நானா?" என்று கேட்டேன். "தப்பு பண்ணினவங்கதான் எங்க தப்பு நடக்கும்னு சொல்ல முடியும், எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். தவறு இருந்தால் மன்னிக்கவும்.

தேர்வில் வந்தது குறுந்தொகையில் 18-ஆம் பாட்டு. பாடியவர் கபிலர். ஐயா அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தியிருந்தார். மொத்தமே 5 அடிதான். நான் மனப்பாடமாக, "இப்பாடலில் உவமையணி பயின்று வந்துள்ளது. சிறிய கிளை உயிருக்கும், பெரிய பழம் அன்புக்கும் உவமை ஆயின. இது படித்து இன்புறத்தக்கது" என்று எழுதி வைத்தேன். ஐயா சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "எழுதியது சரி. மரத்தைப் பார்த்தாயா?"

சரி என்றால் ஏன் 2 மார்க்? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

முதலில் குறுந்தொகை பற்றிக் கொஞ்சம்

சங்க நூல்களை எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று பிரிப்பார்கள். எட்டுத்தொகையில் ஒன்று குறுந்தொகை. கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால் 401 பாட்டுகள். பெரும்பாலும் 4 அடியிலிருந்து 8 அடிக்குள் முடிந்துவிடும். சின்னப் பாட்டுகளின் தொகுப்பு, அதனால்தான் 'குறும்' தொகை. ஓலைச்சுவடியில் இருந்த இதை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சில் கொண்டுவந்தார். பிறகு உ.வே.சாமிநாதையர் 1937-இல் உரையோடு வெளியிட்டார். ஓலையிலேயே செல்லரித்துப் போயிருந்தால் எனக்கு 2 மார்க்கும் கிடைத்திருக்காது, 5 மார்க்கும் கிடைத்திருக்காது!

இனி பாட்டைப் புரிந்துகொள்ளும் படிகள். நான் எந்தப் படியில் வழுக்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: யார், யாரிடம், எப்போது பேசுகிறார்?

அகப்பாட்டு என்பது கதை மாதிரி "ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள்" என்று தொடங்காது. பஸ்ஸில் நமக்குப் பின் சீட்டில் இரண்டு பேர் பேசுவது காதில் விழுமே, அது மாதிரி நடுவிலிருந்து தொடங்கும். யார் பேசுகிறார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் 'கூற்று' என்று பெயர். பாட்டுக்குக் கீழே இருக்கும் சிறு குறிப்பு இதைத்தான் சொல்லும். நாம் அதைப் படிக்காமல் தாண்டி விடுவோம். அது தவறு.

இந்தப் பாட்டில் பேசுவது தோழி. கேட்பது தலைவன். அவன் இரவில் மலைவழியே வந்து தலைவியைப் பார்த்துவிட்டுப் போகிறான். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. தோழி அவனை மறித்து, சீக்கிரம் மணம் செய்துகொள்ளச் சொல்கிறாள். இதற்கு 'வரைவு கடாதல்' என்று பெயர். வரைவு என்றால் திருமணம். கடாதல் என்றால் வற்புறுத்துதல்.

அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி யாருக்கும் பெயர் இருக்காது. பெயர் சொன்னால் அது ஒருத்தருடைய கதை. பெயர் சொல்லாவிட்டால் யாருக்கும் பொருந்தும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

படி 2: தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

தெரியாத சொல்லுக்கு நாம் அகராதி பார்த்துவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் நம்மைக் கவிழ்க்கும். இந்தப் பாட்டில் பழம் 'தூங்கும்' என்று வரும். எங்கள் வகுப்பே சிரித்தது. "பழம் தூங்குமா ஐயா? குறட்டை விடுமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஐயாவும் சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூக்கணாங்குருவிக் கூடு மரத்தில் தொங்குகிறது அல்லவா, அந்தப் பெயருக்குள் இன்னும் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது.

இப்படி இந்தப் பாட்டில் இன்னும் சில சொற்கள்:

• கோடு – நோட்டில் போடும் கோடு இல்லை. மரக்கிளை. (மலை உச்சி, விலங்கின் கொம்பு என்றும் பொருள் உண்டு.)
• சாரல் – மழைத்தூறல் இல்லை. மலைச்சரிவு.
• வேரல் – வேர் இல்லை. சிறுமூங்கில். நான் இதை வேர் என்றே நினைத்தேன்.
• தவ – தவம் இல்லை. 'மிக' என்று பொருள் தரும் உரிச்சொல். சால, உறு, தவ, நனி என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே தவ.
• காமம் – இது சொன்னதும் வகுப்பில் குசுகுசு என்று சத்தம். பழைய நூல்களில் இது கெட்ட வார்த்தை இல்லை, அன்பு கலந்த விருப்பம். திருக்குறளில் மூன்றாம் பாலுக்குப் பெயரே காமத்துப்பால்தானே.

படி 3: இடம் எது, பொழுது எது?

சங்கப் பாட்டில் மரமோ பறவையோ சும்மா வராது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுது, ஒரு மனநிலை என்று வைத்திருக்கிறார்கள். அதற்குத் திணை என்று பெயர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கும் மரம், பூ, பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள். மனதில் நடப்பது உரிப்பொருள்.

குறிஞ்சி – மலை – யாமம் – சேர்தல்
முல்லை – காடு – மாலை – காத்திருத்தல்
மருதம் – வயல் – வைகறை – ஊடல்
நெய்தல் – கடற்கரை – எற்பாடு – இரங்கல்
பாலை – வறண்ட வழி – நண்பகல் – பிரிதல்

இந்த அட்டவணை தெரிந்தால் பாதிப் பாட்டு புரிந்த மாதிரி. நம் பாட்டில் மலைச்சரிவு, மூங்கில், பலா வருகின்றன. ஆகவே குறிஞ்சி. குறிஞ்சி என்றால் பொழுது யாமம், நடு இரவு. அப்போதுதான் தலைவன் அந்த மலைவழியில் வந்து போகிறான். தோழியின் பயத்தில் அந்த இருட்டும் சேர்ந்திருக்கிறது. பாட்டில் இருட்டு என்று சொல்லே இல்லை. திணை தெரிந்தவர்களுக்கு மட்டும் இருட்டும்!

படி 4: காதால் படிக்க வேண்டும்

பாட்டைச் சத்தம் போட்டுப் படித்தால் சில விஷயம் தானாகவே தெரியும். முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. (பலா, பழம்.) இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. (மரம், வரம்.) எதிர்ச்சொற்கள் எதிரெதிரே நின்றால் முரண்.

இந்தப் பாட்டின் முதல் அடியில் 'வே' என்ற எழுத்து மூன்று சொற்களின் தொடக்கத்தில் வருகிறது. முதல் மூன்று அடிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து 'ர' வரிசையில் வருகிறது. கடைசியில் சிறுமையும் பெருமையும் முரணாக நிற்கின்றன. அதுவும் இரண்டு தடவை: ஒன்று கிளைக்கும் பழத்துக்கும், இன்னொன்று உயிருக்கும் விருப்பத்துக்கும்.

இன்னொரு விஷயம் ஐயா காட்டினார். 'கோடு' என்ற சொல் இந்த 5 அடிக்குள் இரண்டு இடத்தில் வருகிறது. 'சாரல்' என்பதும் இரண்டு தடவை. கபிலருக்கு வேறு சொல்லா கிடைக்காது? ஒரே சொல் திரும்ப வந்தால், "இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்" என்று புலவர் விரல் நீட்டுகிறார் என்று அர்த்தம்.

படி 5: உவமையைப் பிரித்துப் பார்த்தல்

உவமைக்கு நான்கு உறுப்பு: எதைக் காட்டுகிறோமோ அது உவமை, எதற்காகக் காட்டுகிறோமோ அது உவமேயம் (பொருள்), இரண்டுக்கும் பொதுவானது பொதுத்தன்மை, போல, அன்ன, ஆங்கு மாதிரி வருவது உவம உருபு. இந்தப் பாட்டில் உருபு 'ஆங்கு'.

உவமையையும் உருவகத்தையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு ஒரு சுலப வழி: மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்று திருப்பிப் போட்டால் முகமே மலர், உருவகம். இயல்பாக நடப்பதில் புலவர் தன் குறிப்பை ஏற்றினால் தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. அதை "வராதீர்கள்" என்று கை காட்டுவதுபோல் இளங்கோவடிகள் பாடியிருக்கிறார். காற்றுக்கு மதுரையில் என்ன நடக்கப் போகிறது என்று தெரியாது. புலவருக்குத் தெரியும்.

இதுவரைக்கும் எனக்கு முன்னாடியே தெரியும். தேர்வில் எழுதியதும் இதுதான். சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குகிறது. அதுபோல அவள் உயிர் சிறிது, விருப்பம் பெரிது. சரிதானே? பிறகு ஏன் "மரத்தைப் பார்த்தாயா" என்று கேட்டார்?

எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பலாமரம் இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் பாத்திரம் விளக்குகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் ஆயாவிடம் கேட்டேன். ஆயா பள்ளிக்கூடம் போனதே இல்லை. "ஆயா, சின்னக் கொம்புல பெரிய பலாப்பழம் தொங்குனா என்னா ஆவும்?" என்றேன்.

"பலா அடிமரத்துலயும் பெருங்கொம்புலயும்தான் காய்க்கும். வேர்ல காய்ச்சா கவலையே இல்ல, மண்ணு தாங்கிக்கும். சின்னக் கொம்புல ஒண்ணு புடிச்சிதுன்னா கவைக்கம்பு முட்டுக் குடுக்கணும். இல்லன்னா சாக்குல பொதிஞ்சி மேல்கொம்புல கயித்தக் கட்டணும். காயி நாளுக்கு நாளு பெருக்கும், கொம்பு அப்பிடியேதான் இருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு உட்டா, பழம் மட்டுமா உழும்? கொம்பும் சேந்து ஒடிஞ்சிபூடும்."

எனக்கு அப்படியே நின்றுவிட்டது. ஆயா சொன்ன ஒவ்வொன்றும் பாட்டில் இருக்கிறது. நான் அளவை மட்டும் பார்த்தேன்: சிறிது, பெரிது. ஆயா நாளைப் பார்த்தார். பலா மரத்தில் காய்க்கும் பழங்களிலேயே பெரியது. 30 கிலோவுக்கு மேலும் போகும். அது ஒரே நாளில் அந்த எடைக்கு வருவதில்லை. தினமும் கூடிக்கொண்டே போகிறது. அப்படியானால் தோழி சொல்வது "அவளுக்கு உன்மேல் ரொம்ப ஆசை" என்பது இல்லை. "இனியும் நாள் கடத்தாதே, ஒடிந்துவிடும்" என்பதுதான். உவமை அழகுக்காக வைத்த பூ இல்லை, அதுதான் செய்தியே. மரத்தைப் பார்க்காதவர்களுக்கு அணியின் பெயர் மட்டும்தான் கிடைக்கும்.

படி 6: சொல்லாமல் விட்டது என்ன?

இப்போது இரண்டு 'கோடு'க்கு வருவோம். பாட்டின் தொடக்கத்தில் தலைவனுடைய மலை வருகிறது. அங்கே பலா வேர்ப்பக்கம் காய்த்திருக்கிறது. சுற்றிலும் சிறுமூங்கில் வேலி. பாட்டின் முடிவில் வரும் பலாவோ சின்னக் கிளையில் தொங்குகிறது. அதற்கு வேலி சொல்லப்படவில்லை, தாங்க மண்ணும் இல்லை.

தோழி, "நீ கவலையில்லாமல் இருக்கிறாய், அவள் அப்படி இல்லை" என்று எங்கேயும் சொல்லவில்லை. அவன் நாட்டைப் புகழ்வது மாதிரி ஒரு பலாவைக் காட்டினாள். பிறகு இன்னொரு பலாவைக் காட்டினாள். மிச்சத்தை அவனே புரிந்துகொள்ள விட்டுவிட்டாள். உருபு போட்டு வெளிப்படையாகச் சொன்னால் உவமை. கருப்பொருளை மட்டும் காட்டி, உள்ளே ஒரு பொருளை ஒளித்து வைத்தால் உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. இந்த ஒரே பாட்டில் கடைசியில் வெளிப்படையான உவமை. தொடக்கத்துப் பலாவோ உள்ளே பொருளை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது.

நடுவில் தோழி ஒரு கேள்வியும் கேட்கிறாள்: இவள் நிலைமையை யார்தான் அறிந்திருக்கிறார்கள் என்று. அதற்குப் பதில் பாட்டில் இல்லை. அவன் மணம் செய்தானா என்பதும் இல்லை. பழம் தொங்கிக்கொண்டே இருக்கும்போது பாட்டு முடிந்துவிடுகிறது.

ஏன் இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

"5 மார்க்குக்கு இவ்வளவா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருப்பேன். ஆனால் பாட்டு புரிந்த பிறகு எனக்கு மார்க் ஞாபகம் வரவில்லை, ஒருத்தி ஞாபகம் வந்தாள்.

போன வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இந்த வருடம் வரவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாத" என்றாள். அதனால் போடவில்லை. அகப்பாட்டிலும் பெயர் கிடையாதே.

அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. கணக்கில் எங்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். நான் அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். அரைமணி நேரம் பேசியிருப்பேன். "படிப்பு முக்கியம் அத்தை, கல்வி கண் போன்றது" என்று பேச்சுப்போட்டியில் பேசுகிற மாதிரியே எல்லாம் சொன்னேன். அத்தை, "அடுத்த வருஷம் அனுப்பலாம்மா, கடன் கொஞ்சம் அடையட்டும்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார்கள். எனக்கு மேலே பேச வரவில்லை. அவள் உள்ளே கதவு ஓரமாக நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. கொட்டைப்பால் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்திருந்தது.

வீட்டுக்கு வரும்போதுதான் யோசித்தேன். கபிலரின் தோழி 5 அடியில் சொல்லிவிட்டாள். அவள் யாரையும் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்த மரத்தையே எடுத்துக் காட்டினாள். நான் அத்தைக்குத் தெரியாத வார்த்தையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அத்தைக்குப் பலாமரம் தெரியும், முட்டுக் கொடுக்கவும் தெரியும். "அடுத்த வருஷம் வரைக்கும் கொம்பு தாங்குமா அத்தை?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆயாவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறேன். வெறும் பேச்சு மட்டும் போதாது, முட்டும் வேண்டும் அல்லவா? தமிழ் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை எல்லாப் பாடத்துக்கும் இரண்டு நோட்டு எழுதி வருகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

நீங்களே செய்து பாருங்கள்

1. குறுந்தொகை 40: செம்மண்ணில் விழுந்த மழைநீர் பற்றியது. பாடியவரின் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கி 'செம்புலப்பெயல்நீரார்' என்று அழைக்கிறார்கள். மழை பெய்ததும் செம்மண் தரையில் தேங்கிய நீரை ஒரு டம்ளரில் எடுங்கள். அதிலிருந்து நிறத்தைத் திரும்பப் பிரிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் பாட்டைப் படியுங்கள்.

2. குறுந்தொகை 41: ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. இவருக்கும் பாட்டால் வந்த பெயர்தான்: 'அணிலாடு முன்றிலார்'. அணில் எப்போது முற்றத்துக்குப் பயமில்லாமல் வரும் என்று யோசியுங்கள். தலைவியின் தனிமை தெரியும்.

3. புறநானூறு 112: பாரியை இழந்த அவர் மகளிர் பாடியது. இதில் உவமையே இல்லை. போன மாதமும் இந்த மாதமும் வந்த ஒரே நிலவுதான் இருக்கிறது. உவமை இல்லாமலே எப்படி மனசு கனக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

கண்டுபிடித்ததை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே குத்தி வைக்கலாம். ஐயா அனுமதி கொடுத்திருக்கிறார். தயவுசெய்து கோனார் உரையைப் பார்த்து எழுதி வைக்காதீர்கள், அது என்னிடமே இருக்கிறது!



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி